கண்ணை மூடியிருக்கும் படம்

கல்யாணமாகி இருபது வருடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு முறைகூட என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் அவரிடம் கேட்டதில்லை. நாங்கள் தப்பே செய்யாதவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்களுக்குள் வேறு ஓர் ஏற்பாடு இருந்தது.

சண்டை வந்தால், யார் பக்கம் தப்பு அதிகமோ அவர் ஒரு படத்தை எடுத்து வைக்க வேண்டும். எப்போதும் அதே படம்தான். கல்யாணமான புதிதில், தான் வேலை செய்த ஒரு கட்டடத்தின் லிஃப்ட்டுக்குள் என்னை நிற்க வைத்து, எதிரே இருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்து அவர் கேமராவில் எடுத்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். படத்தில் அவர் பார்வை என்மேல் இல்லை, பக்கத்திலிருந்த பொத்தான்கள்மேல் இருக்கும். நானோ வெளிச்சம் பட்டுக் கண்ணை இறுக மூடியிருப்பேன். ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிப்பதே என் பிழைப்பு என்பதால், அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் இரு வீட்டிலும் கிடையாது.

ஆரம்பத்தில் அந்தப் படத்தைப் பீரோவிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைப்போம். மற்றவர் அதைத் திரும்பவும் பீரோவில் வைத்துவிட்டால் சண்டை முடிந்தது. பிறகு கைக்குக் கை போன் வந்தது. படம் மேசையிலிருந்து திரைக்கு இடம் மாறியது. ஒருவர் தன் முகநூல் பக்கத்தில் படத்தைப் போட வேண்டும், மற்றவர் அதற்கு ஒரு ஹார்ட் போட வேண்டும். அதோடு சரி. மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்ப்பார்கள்தான். பார்த்துவிட்டுப் போகட்டும். வாயைத் திறந்து சொல்வதைவிட அது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

இந்த முறை வந்த சண்டை சின்னதில்லை. அவருடைய கம்பெனியில் அவரை வேறு ஊருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பத்தாறு மாடி, பதினான்கு லிஃப்ட், இரண்டு வருட வேலை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சரியா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இவரும் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் பால்கனித் தொட்டிகளும்தான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். இந்த விஷயம் என் காதுக்கு வந்ததே என் நாத்தனார் மூலம் என்பதுதான் சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தவர், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், குளிருக்கு இரண்டு போர்வையாகக் கொடுத்து அனுப்பு என்று ஆரம்பித்தார்.

போனை வைத்ததும் இவரிடம் போய் நின்றேன்.

"உங்க அக்காவையே கேட்டு முடிவு பண்ணிக்கோங்க. நான் யாரு, இந்த வீட்ல குடியிருக்கிறவதானே."

அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது அவருடைய அதிர்ஷ்டம். கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு, நூலகத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, போன வாரம் வாங்கிய கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கோபப்படவில்லை. படி இறங்கும்போது தரை ஏறி வந்து முட்டுகிற மாதிரி இருக்கிறது, கடைசி நாலு படியை உட்கார்ந்தே இறங்கினேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். லென்ஸை வெட்டி ஃபிரேமில் பொருத்தும் அண்ணன் கண்ணாடியைக் கருவியில் வைத்துப் பார்த்தார். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார் என்பதால் கடையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர்.

"வலது கண்ணு பவர் இடது பக்கம் உட்கார்ந்திருக்கு தங்கச்சி" என்றார் மெதுவாக. "சீட்டுல இருந்தபடிதான் நான் செஞ்சேன்."

சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

எனக்கு அந்த நிமிடம் நன்றாக நினைவிருந்தது. வலது கண் முடிந்து இடது கண்ணை ஆரம்பிக்கும் இடைவெளியில் என் கோட்டுப் பையில் போன் ஒரு முறை அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். கூடப் படித்த ஒருத்தி கடற்கரை மணலில் காலை நீட்டி, காலை மட்டும் படமெடுத்துப் போட்டிருந்தாள். அவளுடைய பத்து விரல்களையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் நான் எண்களை எழுதியிருக்கிறேன்.

புதுக் கண்ணாடி செய்து தருகிறோம் என்று சொன்னதும் அந்த அம்மா, பரவாயில்லை, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனிலிருந்த முகநூல் மாதிரியான மூன்று செயலிகளையும் நீக்கினேன். நாற்பது நாளைக்கு இவை வேண்டாம் என்று மில்லிமீட்டர் அண்ணனிடம் சொல்லி, நான் மறுபடி போனும் கையுமாக நின்றால் அளவுகோலாலேயே ஒன்று போடுங்கள் என்றேன். அது ஏன் நாற்பது என்று கேட்டார். புதுக் கண்ணாடி பழகப் பத்து நாள் ஆகும் என்று எல்லாரிடமும் சொல்கிறோமே, எனக்கு நாலு மடங்கு ஆகும் என்றேன். அவர் நாட்காட்டியை எடுத்து, முடியும் தேதியில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார்.

வேறு யாரிடமும் சொல்லவில்லை. சிலர் 'கொஞ்ச நாள் விலகி இருக்கிறேன்' என்று அறிவிப்புப் போட்டுவிட்டு, எத்தனை பேர் வருத்தப்பட்டார்கள் என்று பார்க்க மறுநாளே திரும்பி வருவதைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். வீட்டிலோ பேச்சுவார்த்தையே இல்லை. சாவி எங்கே, பால் வந்தாச்சா என்ற அளவோடு நின்றது.

முதல் இரண்டு நாள் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது. பஸ்ஸில் உட்கார்ந்தால் கட்டைவிரல் சும்மாவே ஆடியது. இல்லாத எதையோ மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் பஸ்ஸில் என் முன் இருக்கைக்காரர் சட்டையின் விலைச்சீட்டை எடுக்காமலே போட்டுக்கொண்டு வந்திருந்ததைப் பார்த்தேன். தட்டிச் சொன்னேன். அவர் வெட்கத்தோடு அதைப் பிய்த்துவிட்டு, ஒரு வாரமாக இந்தச் சட்டையை மாற்றி மாற்றிப் போடுகிறேன், வீட்டில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை என்றார். இறங்கும்வரை எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

அப்புறம் என் வீட்டையே பார்க்க ஆரம்பித்தேன். இவர் காலையில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு தொட்டியையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கிறார், வெயில் எல்லாப் பக்கமும் படட்டும் என்று. அது எத்தனை வருடப் பழக்கமோ தெரியாது. மருந்துச் சீட்டைப் படிக்கக் கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுகிறார். கை போதாதபோது தலையைப் பின்னால் சாய்க்கிறார். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வருடமாக நான் சொல்வதும், எனக்கு என்ன வயசா ஆகிவிட்டது என்று அவர் நழுவுவதும் எங்கள் வீட்டு வாடிக்கை.

இன்னொன்றையும் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனை எடுக்கிறார். எதையோ தேடுகிறார். முகம் சுருங்குகிறது. கவிழ்த்து வைக்கிறார். புது ஊர்க்காரர்களோடு இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் அவருக்கு ஒரு பெட்டி கட்டி முடித்து வாசலில் வைத்தாயிற்று.

படம் போட்டிருப்பாரோ என்ற சந்தேகம் வராமல் இல்லை. செயலியைத் திரும்ப ஏற்றினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். படம் போட்டிருந்தால் என் ஹார்ட் வராததை அவர் கவனிப்பார். கவனித்தால் ஏன் என்று கேட்பார். கேட்கவில்லை. ஆகவே போடவில்லை. இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இருபது வருடமாக எதையும் வாயால் கேட்டுப் பழகாத மனிதர் இப்போது மட்டும் கேட்பார் என்று நான் எப்படி நினைத்தேனோ.

பதினோராவது நாள் வியாழக்கிழமை. மறுநாள் அவர் பதில் சொல்ல வேண்டிய நாள். மூன்று மணி வாக்கில், மூக்கில் உறுத்துகிறது என்று தன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் கடைக்கு வந்தார். உறுத்தியது கண்ணாடி இல்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நான் மூக்குப் பட்டையை மாற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் மேசைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு நெஞ்சு கல்லா? ஊரே ஹார்ட் போட்டாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

"எதுக்கு அண்ணி?"

"எதுக்கா? அந்தக் கண்ண மூடின படத்துக்குத்தான். பத்து நாளா அங்கயே தொங்கிட்டிருக்கு. என் சம்பந்தி வீட்டுல கூப்பிட்டு, 'இன்னும் ராசி ஆகலையா'ன்னு கேக்கறாங்க. அவன் என் வீட்டுக்கு வந்தாலும் பாதி சாப்பாட்டுல எழுந்து போறான்."

என் கையிலிருந்த குட்டித் திருகாணி மேசையில் விழுந்து எங்கோ உருண்டது. மில்லிமீட்டர் அண்ணன் ஒன்றும் கேட்காதவர் போலக் குனிந்து அதைத் தேடினார்.

எப்போது போட்டார் என்று கேட்டேன். திங்கட்கிழமை சாயங்காலமாம். நான் மதியம் எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறேன். நடுவில் ஐந்தாறு மணி நேரம்தான்.

படத்தோடு என்னவோ நாலு வரி எழுதியும் இருக்கிறான் என்று அண்ணி தன் போனைத் தட்டித் திறந்து என் பக்கம் நகர்த்தினார். நான் திரையின்மேல் கையை வைத்து மூடினேன்.

"வேண்டாம் அண்ணி. அவரே சொல்லட்டும்."

"அவனா? அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள விடிஞ்சிடும். என்கிட்ட வந்தப்பவும் அப்படித்தான். ஒரு மணி நேரம் என் வீட்டு ஃபேனைக் கழட்டித் துடைச்சான். அப்புறம்தான் கேட்டான், 'அவகிட்ட இத எப்படிக்கா சொல்றது'ன்னு. நான்தான் அவன் உன்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சு போர்வை அது இதுன்னு உளறிட்டேன்."

அப்படியென்றால் இவர், போகட்டுமா என்று அக்காவிடம் கேட்கவில்லை. என்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கேட்டிருக்கிறார். எனக்குப் பயந்துகொண்டு ஒருவர் ஒரு மின்விசிறியைத் துடைத்திருக்கிறார்.

அண்ணியை அனுப்பிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். வேலை முடிந்ததும் கடைக்கு வாங்க, உங்கள் கண்ணைப் பார்க்க வேண்டும் என்றேன். வழக்கம்போல நழுவுவார் என்று எதிர்பார்த்தேன். சரி என்றார்.

ஐந்தரைக்குக் கம்பெனிச் சட்டையோடும் கருவிப் பையோடும் வந்தார். கையில் கிரீஸ் கறை. இத்தனை வருடத்தில் அவர் என் பரிசோதனை அறைக்குள் வந்ததே இல்லை. கடையின் பின்பக்கமாக இருக்கும் சின்ன இருட்டறை அது. ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் வெளிச்சமாக எழுத்துப் பலகை, என் கைக்கு எட்டும் இடத்தில் லென்ஸ் பெட்டி. அவர் நாற்காலியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், அடியில் ஏதாவது திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று.

லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வட்டக் கூட்டை அவர் முகத்தில் மாட்டினேன். அதை மாட்டிக்கொண்டு அழகாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இல்லை. அவர் ஒரு பழைய இயந்திரம் மாதிரி இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வலது கண்ணில் ஆரம்பித்தேன்.

"ஒன்னு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?"

அவர் தலையை ஆட்டினார்.

"தலையாட்டக் கூடாது. இருட்டுல எனக்குத் தெரியாது. வாயால சொல்லணும்."

"ரெண்டு" என்றார்.

இடது கண்ணையும் முடித்தேன். தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதில் குறை ஒன்றும் பெரிதாக இல்லை. கிட்டத்தில்தான் இருந்தது. கூட்டில் இன்னொரு ஜோடி லென்ஸைப் போட்டேன். வழக்கமாக இந்த இடத்தில் படிக்க ஓர் அட்டையைக் கொடுப்போம். நான் கொடுக்கவில்லை.

"உங்க போனை எடுங்க. போன வாரம் திங்கட்கிழமை போட்டீங்களே, அதுல எழுதியிருக்கிறதப் படிங்க."

கூட்டுக்குள்ளிருந்து அவர் என்னைப் பார்க்க முயன்றார். கிட்டத்தில் படிப்பதற்கான லென்ஸில், எட்ட நின்ற நான் வெறும் மூட்டமாகத்தான் தெரிந்திருப்பேன்.

"நீதான் பார்த்தியே" என்றார்.

"பார்க்கல. படிங்க."

போனைத் திறந்தார். கையை நீட்டவில்லை. முதல் முறையாக முழங்கையை மடக்கி, புத்தகம் பிடிக்கிற மாதிரி பிடித்தார். எல்லா மாடியிலும் நின்று நின்று போகும் லிஃப்ட் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"தப்பு என்னுதுதான். உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். போகட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்றதுதான் முடிவு."

படித்து முடித்துவிட்டுப் போனை மடியில் வைத்தார். "எழுத்து நல்லா தெரியுது" என்றார், அதையும் சொல்ல வேண்டும் போல.

அந்த நாலு வரியைத் திரையில் பார்த்திருந்தால் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். இப்போது லென்ஸ் பெட்டியில் ஒழுங்காக இருந்தவற்றையே மறுபடி ஒழுங்காக அடுக்கினேன்.

"பதிலே வரல" என்றார் அவர். "சரி, தொலையட்டும்னு நீ விட்டுட்டன்னு நெனச்சேன். நாளைக்குப் போறேன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

"நான் அதையெல்லாம் எடுத்துட்டுப் பதினோரு நாளாச்சு."

"எதை?"

"எல்லாத்தையும். போன்ல இருந்ததை." நூலகத்து அம்மாவின் கண்ணாடியை, கடற்கரைக் கால்விரல்களை, உட்கார்ந்து இறங்கிய நாலு படிகளை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தத் தப்பை இத்தனை நாள் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று சொல்லும்போதுதான் தெரிந்தது. அவர் முழுவதையும் கேட்டார். அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறாரா என்றுதான் முதலில் விசாரித்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்தார்.

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"மில்லிமீட்டர் அண்ணன்கிட்ட."

"முதல்ல அவர்கிட்ட."

"ம்."

"அப்ப நான் யாரு?" என்றார். "இந்த வீட்ல குடியிருக்கிறவனா?"

குரலில் சிரிப்பு இருந்தது. என் வார்த்தையை எனக்கே திருப்பிப் போட பதினோரு நாள் காத்திருந்த மாதிரி இருந்தது. விளக்கைப் போடக் கை போனது. போடவில்லை. இந்த அறையில் எல்லாரும் இருட்டில்தான் சரியாகப் பதில் சொல்கிறார்கள்.

"என் பக்கமும் தப்புதான்" என்றேன். "இப்ப கேக்கறேன், வாயால சொல்லுங்க. ஒன்னு, போறது. ரெண்டு, இருக்கிறது. உங்களுக்கு எது?"

நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் சொன்னார்.

"போகணும்னு இருக்கு. இருபது வருஷமா அடுத்தவன் மாட்டின லிஃப்ட்டையே ரிப்பேர் பண்றேன். ஒன்னையாவது அடியிலிருந்து நானே ஏத்திப் பார்க்கணும்." நிறுத்தினார். "உன்ன விட்டுட்டுப் போகணும்னு இல்ல. அதத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. போறேன்னு சொன்னா விட்டுட்டுப் போறேன்னு நீ எடுத்துப்ப."

எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் போனைக் கவிழ்த்த ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டேன்.

நான் அவர் எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டன. அவர் தங்க அங்கே என்ன கொடுப்பார்கள் என்று விசாரித்தேன். இரண்டு அறை வீடு என்றார். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் புரியாமல் விழித்தார். அந்தக் கூட்டுக்குள் விழி இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"கண்ணு இல்லாத ஊரு எங்க இருக்கு?" என்றேன். "நீங்க முன்னாடி போங்க. இங்க எனக்குப் பதிலா ஒரு ஆள் கிடைக்க மூணு நாலு மாசம் ஆகும். சொல்லிக் குடுத்துட்டு வந்துடறேன். லீவுக்குப் புள்ள அங்க வரட்டும்."

"நிஜமாவா?"

"தொட்டியெல்லாம் அங்க ஏத்திட்டுப் போக வழி இருக்கான்னு மட்டும் பாருங்க."

கிரீஸ் கறைக் கை தேடி வந்து என் கையைப் பிடித்தது. தொட்டிக்கும் லிஃப்ட்டுக்கும் நேர்ந்துவிட்ட கை. வெளியே மில்லிமீட்டர் அண்ணன் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்துவதும், தேவையில்லாமல் மறுபடி ஓட்டுவதும் கேட்டது.

"ஹார்ட் போட மாட்டியா?" என்று கேட்டார். "அக்கா கேப்பா."

"இன்னும் இருபத்தொம்பது நாள் இருக்கு."

"அவ்ளோ நாள் அது அங்கயே தொங்கணுமா?"

"நீங்களே எடுத்துடுங்க. பழைய போட்டோ பீரோல, மேல் தட்டுல என் துணிக்கு அடியில இருக்கு. போகும்போது அதப் பெட்டியில வெச்சுக்கோங்க."

விளக்கைப் போட்டேன். இருவருக்கும் கண் கூசியது. கூட்டை எடுத்தபோது அவர் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. சீட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். வலது கண்ணுக்கு எழுதினேன். விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன். இடது கண்ணுக்கு எழுதினேன். அதையும் படித்தேன். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எல்லாருக்கும் இப்படித்தான் இரண்டு முறை படிக்கிறேன்.

"சரியா இருக்கு" என்றார் அவர்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"நீ படிச்சது தெரியும்" என்றார். கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஃபிரேம் பார்க்கக் கடைக்குள் நடந்தார்.